அச்சத்தைக் கலையாக்கிய அம்மையார்

நாவல்களுக்கு உயர்வு தாழ்வு கற்பிப்பது இலக்கிய உலகில் நெடுநாளாக நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். சமுதாயத்தை ஆராயும் நாவல் முதலிடம் பெறும். குடும்பக் கதை அதற்கு அடுத்தபடியில் அமரும். காதலும் மர்மமும் கலந்த கதையோ வாசலுக்கு வெளியே நிறுத்தப்படும். பேயின் நிழலும் அதிற் படிந்துவிட்டாற் கேட்கவே வேண்டியதில்லை. மாணவர்கள் இத்தகைய நூல்களைப் பாடப் புத்தகத்தின் அடியில் மறைத்துவைத்துப் படிக்கின்றனர். ஆசிரியர்களோ தாமும் ஒரு காலத்தில் அவ்வாறே படித்தவர்கள் என்பதை மறந்து அவர்களைக் கண்டிக்கின்றனர்.

எதைப் படிக்கலாம் என்று என்னை வினவும் மாணவர்க்கு நான் இவ்வகை நூல்களையும் தயங்காது எடுத்துரைப்பதுண்டு. அதற்காக நண்பர் சிலர் என்னைக் குறைகூறியும் இருக்கின்றனர். அவர்களுக்கு விடை கூற வாதத்தினும் வரலாறே ஏற்றதெனக் கருதி, இவ்வகை இலக்கியத்துக்குத் தாயாக விளங்கிய ஓர் ஆங்கில அம்மையாரின் வாழ்க்கையை இங்கே சுருக்கி வரைகின்றேன். அவர் பெயர் ஆன் றாட்கிளிவ்.

பிறப்பும் இளமையும்

1764ஆம் ஆண்டு யூலை மாதம் 9ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஹோபன் பகுதியில் ஆன் பிறந்தார். தந்தையார் வில்லியம் வார்ட், நூலும் நாடாவும் பொத்தானும் போன்ற சிறு பொருட்களை விற்கும் வணிகர். பெற்றோருக்கு ஆன் ஒரே குழந்தை. அவர் பிறந்த அதே ஆண்டின் இறுதியிலே ஹொரேஸ் வல்போல் என்பார் எழுதிய 'ஒட்ராண்டோக் கோட்டை' என்னும் கதை வெளிவந்தது. பழங்கோட்டை, கொடுங்கோலனான கோமான், ஓடி ஒளியும் கன்னி, வானினின்று வீழும் பெருந் தலைக்கவசம் ஆகியவற்றைக் கொண்ட அந்நூலே 'கோதிக்' நாவல்களுள் முதலாவது என்பர். ஒரு வகை இலக்கியமும் அதனை வளர்த்தெடுக்கவிருந்த தாயும் ஓராண்டிலேயே தோன்றியமை வியப்புக்குரிய ஒற்றுமையாகும்.

அம்மையாரின் உறவினருள் ஒருவரான தோமஸ் பென்ட்லி என்பார், பீங்கான் தொழிலிற் பெரும்புகழ் ஈட்டிய யோசாயா வெட்ஜ்வூட்டின் கூட்டாளியாவர். கற்றோரும் கலைஞரும் கூடும் அவர் இல்லத்திலே சிறுமி ஆன் தங்கியதுண்டு. 1772இல் தந்தையார் பாத் நகருக்குச் சென்று, வெட்ஜ்வூட், பென்ட்லி ஆகியோரின் பீங்கான் கடையொன்றை நடத்தலானார். செல்வர்கள் உடல்நலம் நாடியும் பொழுதுபோக்கு நாடியும் வந்து கூடும் ஊர் பாத். விற்போருக்கும் வாங்குவோருக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒரு கடைக்காரரின் மகள் அங்கே நாள்தோறும் கண்டிருப்பாள். பிற்காலத்தில் அவர் படைத்த கதைகளிலே சொத்தும் குலமும் பெண்ணின் தலைவிதியை நிர்ணயிக்கும் பாங்கினை நோக்குமிடத்து, அவ்விளமைக் காட்சிகள் வீண்போகவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

இரவிற் பிறந்த கதைகள்

1787இல் ஆன், வில்லியம் றாட்கிளிவ் என்பவரை மணந்தார். அவர் ஒக்ஸ்போட்டிற் பயின்ற பட்டதாரி. சட்டம் கற்கத் தொடங்கி, அதனை விடுத்துப் பத்திரிகைத் தொழிலில் இறங்கியவர். 'இங்கிலிஷ் குரோனிக்கிள்' என்னும் பத்திரிகையை நடத்தியவர். பத்திரிகைத் தொழில் இரவு பகல் அறியாதது. கணவர் வீடு திரும்பும் வரை நீண்ட இரவுகளைத் தனித்துக் கழிக்க வேண்டியிருந்த இளம் மனைவி, கணப்படுப்பின் அருகமர்ந்து எழுதத் தொடங்கினார். எழுதியவற்றைக் கணவர் வந்ததும் படித்துக் காட்டுவாராம். குழந்தைகள் இல்லாத அவ்வில்லத்தில் கதைகளே பிறந்தன என்று கூறலாம். பெண்கள் எழுதுவதைப் பலரும் ஏளனஞ் செய்த அக்காலத்திலே, மனைவிக்கு ஊக்கமளித்த அக்கணவரையும் நாம் மறத்தலாகாது.

முதல் நூலாகிய 'அத்லின், டன்பெயின் கோட்டைகள்' 1789இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1790இல் 'ஒரு சிசிலிக் காதற்கதை'யும், 1791இல் 'வனத்துக் காதற்கதை'யும் தொடர்ந்தன. மூன்றாம் நூல் பெற்ற வரவேற்பினால் அதன் இரண்டாம் பதிப்பிலே தம் பெயரை இடும் துணிவு அம்மையாருக்கு ஏற்பட்டது. 1794இல் 'உடோல்போவின் மர்மங்கள்' நான்கு பாகங்களாக வெளிவந்தது. அதற்காகப் பதிப்பாளர் அளித்த தொகை 500 பவுண். 1797இல் வெளிவந்த 'இத்தாலியன்' என்னும் நாவலுக்கு 800 பவுண் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து, 1803இல், ஜேன் ஒஸ்டின் தம் நாவலொன்றின் கையெழுத்துப் பிரதியை விற்றபோது பெற்றது பத்தே பவுண் என்பதை நினைவிற் கொண்டால், றாட்கிளிவ் அம்மையார் எத்தகைய செல்வாக்குப் பெற்றிருந்தார் என்பது விளங்கும்.

உடோல்போவும் கரிய திரையும்

'உடோல்போ'வின் கதை 1584ஆம் ஆண்டு பிரான்சின் கஸ்கனிப் பகுதியிலே தொடங்குகிறது. எமிலி என்னும் பெண் தாயை இழந்து, பின்னர் தந்தையையும் இழந்து, தன் அத்தையின் பாதுகாப்பில் விடப்படுகிறாள். செருக்கு மிக்க அவ்வத்தை மொண்டோனி என்னும் இத்தாலியனை மணக்கிறாள். அவன் இருவரையும் அப்பெனைன் மலைத்தொடரிலுள்ள உடோல்போ என்னும் தன் பாழடைந்த கோட்டைக்குக் கொண்டுசெல்கிறான். எமிலியின் காதலன் வலன்கோட் எங்கோ தொலைவில் இருக்கிறான். கோட்டையின் அறைகளிலே மறைவான படிக்கட்டுகள் உள. தாழிட முடியாத கதவுகள் உள. இரவில் எங்கிருந்தோ குரல்கள் கேட்கின்றன. ஓர் அறையிலே கரிய திரையொன்று தொங்குகிறது. எமிலி அத்திரையை விலக்குகிறாள். உள்ளே கண்டதும் மூர்ச்சித்து வீழ்கிறாள்.

அவள் கண்டது யாது? ஆசிரியை சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் வாசகரைக் காக்கவைத்து, கதை முடியுந் தறுவாயிலேதான் கூறுகிறார்: அஃது அழுகிய பிணத்தின் உருவிலே மெழுகாற் செய்யப்பட்ட ஒரு பாவை, அக்கோட்டைக்குரிய குடும்பத்தில் ஒருவருக்கு முன்னொரு காலத்திலே விதிக்கப்பட்ட தவத்தின் சின்னம். பேயென அஞ்சிய பிறவும் இவ்வாறே இயற்கையான காரணங்களாக முடிகின்றன. இரவில் ஒலித்த இசை சித்தங் கலங்கிய ஒரு கன்னியாஸ்திரியுடையது. வெறுமையான அறையில் நடமாடியவர் கொள்ளைக்காரர்.

இந்த விளக்கங்கள் சப்பென்று இருக்கின்றன என்று சேர் வால்டர் ஸ்கொட் முதலியோர் அன்றே குறைகூறினர். அக்குறை முற்றிலும் நியாயமற்றதன்று. ஆயினும் கதையைக் கூர்ந்து நோக்குவோர் ஒன்றனை அறிவர். பேய்கள் மறைந்துபோகின்றன, மொண்டோனி மறைந்துபோகவில்லை. அவன் வேண்டுவது சொத்து. மனைவியின் நிலங்களைத் தன் பெயருக்கு எழுதி வாங்க முயல்கிறான். அவள் மறுத்து, கோபுரத்திற் சிறைப்பட்டு நலிந்து இறக்கிறாள். பின்னர் எமிலியின் கையொப்பத்துக்காக அவளையும் வருத்துகிறான். மணமான பெண்ணின் சொத்தைக் கணவன் ஆளுகைக்கு உட்படுத்தும் சட்டமே அக்காலத்து இங்கிலாந்தில் நிலவியது. 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்தபின்னரே அந்நிலை மாறலாயிற்று. ஆகவே, இல்லாத பேய்க்கு அஞ்சிய எமிலி, இருக்கின்ற மனிதனுக்கு அஞ்சவேண்டியவளாகவே இருந்தாள். அம்மையார் பேயை விலக்கியது, அதன் பின்னால் நின்ற மனிதனை நாம் காண்பதற்காகவே என்பது என் துணிபு.

ஆல்ப்ஸ் மலையையும் வெனிஸ் நகரையும் அப்பெனைன் மலைத்தொடரையும் அம்மையார் வருணிக்கும் பக்கங்கள் மிகப் பல. அவரோ இத்தாலி மண்ணை மிதித்ததே இல்லை. பிரயாண நூல்களைப் படித்தும், சல்வதோர் றோசா, குளோட் முதலிய ஓவியரின் நிலக்காட்சிகளை மனத்திற் கொண்டும் அவற்றைப் படைத்தார். 'உடோல்போ' வெளிவந்த பின்னர், 1794ஆம் ஆண்டுக் கோடையில், கணவருடன் ஒல்லாந்து, ஜெர்மனி வழியாகச் சுவிற்சர்லாந்துக்குப் புறப்பட்டார். எல்லையில் அதிகாரி ஒருவர் தடுத்தமையால் மலைநாட்டைக் காணாமலே திரும்ப நேர்ந்தது. நாடு திரும்பியபின் இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தைக் கண்டு மகிழ்ந்தார். அப்பிரயாணத்தை விவரிக்கும் நூல் 1795இல் வெளிவந்தது.

வாசகர் உலகம்

அக்காலத்தில் நாவல்கள் விலைமிக்கவை. சந்தா செலுத்துவோருக்கு நூல்களை இரவல் கொடுக்கும் நூல்நிலையங்கள் ஊர்தோறும் தோன்றியிருந்தமையாலேயே நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் அவற்றைப் படிக்க இயன்றது. இலண்டனில் வில்லியம் லேன் நிறுவிய மினேவா அச்சகம் இத்தகைய நூல்நிலையங்களுக்கென்றே கதைகளை வெளியிட்டுக் குவித்தது. ஒருத்தி படித்து முடித்து மற்றொருத்திக்குச் சொல்வாள். அவள் தன் தோழிக்குச் சொல்வாள். விமர்சகரின் பாராட்டினும் தோழியின் வாய்ச்சொல்லே ஒரு நூலை எங்கும் பரப்பியது. றாட்கிளிவ் அம்மையாரின் நூல் ஒரு வீட்டினுள் நுழைந்தால் அதன் பாகங்களை வீட்டார் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துக்கொள்வர் என்று ஸ்கொட் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இவ்வாறு நூல்களைப் பரிந்துரைக்கும் தோழியரை என்றும் அழியாதபடி தீட்டிவைத்தவர் ஜேன் ஒஸ்டின். 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நோர்தாங்கர் அபி' என்னும் நாவலிலே, பதினேழு வயதுக் கதரீன் பாத் நகருக்கு வருகிறாள். றாட்கிளிவ் அம்மையார் வளர்ந்த அதே பாத் நகர். அங்கே இசபெல்லா என்னும் புதிய தோழி அவளுக்கு 'உடோல்போ'வைப் பரிந்துரைக்கிறாள். அதன்பின் படிக்கவேண்டிய திகில் நாவல்கள் ஏழின் பட்டியலையும் தருகிறாள். அவை ஏழும் ஒஸ்டின் நகைச்சுவைக்காகக் கற்பித்த பெயர்கள் என்றே நெடுங்காலம் பலர் நம்பியிருந்தனர். 1927இல் மைக்கேல் சட்லியர் என்னும் ஆய்வாளர் அவை யாவும் உண்மையான நூல்களே என எடுத்துக்காட்டினார். ஒரு தலைமுறை விரும்பிப் படித்த நூல்கள், அவை இருந்தனவா என்ற ஐயம் எழுமளவுக்கு மறக்கப்பட்டுவிட்டன!

ஒஸ்டின் இவ்வகை நாவலை எள்ளி நகையாடினார் என்று மட்டுமே வகுப்பறையிற் கூறப்படுகிறது. அது பாதி உண்மை. கதரீன் பழைய பேழையொன்றைத் திறந்து, ஏதோ ஒரு பயங்கர இரகசியத்தை எதிர்நோக்கிக் காகிதச் சுருளை எடுத்துப் பார்க்கையில் அது சலவைக் கணக்காக இருப்பது நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஆனால் நாவலின் நாயகனாகிய ஹென்றி தானும் 'உடோல்போ'வை மயிர்க்கூச்செறியப் படித்தவன். நாவலை இகழ்வோரை அவன் மதிப்பதில்லை. மேலும், மனைவியைக் கொன்றவர் என்று கதரீன் ஐயுற்ற ஜெனரல் டில்னி கொலைகாரர் அல்லர் எனினும், அவள் செல்வச் சீமாட்டி அல்லள் என்று அறிந்ததும், துணையின்றி அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார். பணத்துக்காகப் பெண்ணை அலைக்கழிக்கும் மொண்டோனி இங்கிலாந்திலும் இருக்கிறான் என்பதைத்தானே இது காட்டுகிறது? கதரீன் படித்த நூல்கள் அவளுக்கு விவரங்களிற் பிழை செய்தன. சாரத்திற் பிழை செய்யவில்லை.

கடல் கடந்தும் அம்மையாரின் புகழ் பரவிற்று. அவர் எழுதாத நூல்களும் அவர் பெயரால் ஐரோப்பாவில் விற்கப்பட்டன. ருஷ்ய நாட்டு டொஸ்தோயெவ்ஸ்கி, தமக்கு எழுத்தறிவு வரு முன்னரே நீண்ட குளிர்கால இரவுகளிற் பெற்றோர் றாட்கிளிவ் நாவல்களை வாசிக்கக் கேட்டு, உறக்கத்திற் பிதற்றியதை 1863இல் எழுதிய கட்டுரையொன்றில் நினைவுகூர்கிறார். குற்றத்தின் இருளைத் துருவி ஆராய்ந்த அம்மேதைக்கு இருளின் முதற் பாடத்தைப் புகட்டியது நாம் வாசலில் நிறுத்திவைக்கும் இவ்வகைக் கதையே!

மௌனம்

1797இல் 'இத்தாலியன்' வெளிவந்தபோது அம்மையாருக்கு வயது 32. அதன்பின் தாம் உயிரோடிருந்த காலம் வரை அவர் வேறொரு நாவலையும் வெளியிடவில்லை. தந்தையார் 1798இலும் தாயார் 1800இலும் இறந்தபின் கிடைத்த சொத்தினால் எழுதிச் சம்பாதிக்கவேண்டிய தேவை நீங்கியது என்பர் சிலர். தம்மைப் பின்பற்றியோர் எழுதிக் குவித்த இரத்தக் கதைகளைக் கண்டு வெறுப்புற்றார் என்பர் வேறு சிலர். அவர் எவரிடமும் காரணம் சொல்லவில்லை.

உலகமோ காரணம் கற்பிக்காமல் இருப்பதில்லை. அவர் தாமே படைத்த பேய்களைக் கண்டு அஞ்சிச் சித்தங் கலங்கினார் என்றும், டாபிஷயரிலுள்ள ஹடன் மாளிகையில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்றும், இறந்தே போனார் என்றும் வதந்திகள் உலாவின. அதே வேளையில் அம்மையார் கணவருடனும் நாயுடனும் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களைச் சுற்றிப் பார்த்து, கண்ட காட்சிகளை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். வதந்திகளை மறுத்து அவர் பத்திரிகைக்கு ஒரு வரியும் எழுதவில்லை. ஆண் எழுத்தாளர் ஒருவர் எழுதுவதை நிறுத்தினால் ஓய்வெடுக்கிறார் என்போம். பெண்ணொருத்தி நிறுத்தினாற் பித்துப் பிடித்தது என்போம். அன்றைய உலகின் இவ்வழக்கம் இன்றும் முற்றாக ஒழிந்ததெனக் கூறுவதற்கில்லை.

இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளில் அம்மையாரை ஈளை நோய் வருத்திற்று. 1823ஆம் ஆண்டு பெப்ருவரி 7ஆம் நாள், தம் 58ஆம் வயதில், அவர் இலண்டனில் உயிர்நீத்தார். 1883இல் கவிஞர் கிறிஸ்டீனா றொசெட்டி அவர் வரலாற்றை எழுத முனைந்து, போதிய செய்திகள் கிடைக்காமையால் அம்முயற்சியைக் கைவிட்டார். மர்மங்களை எல்லாம் இறுதி அத்தியாயத்தில் விளக்கிவிடும் ஆசிரியை, தம் வாழ்க்கையின் மர்மத்தை மட்டும் விளக்காமலே சென்றுவிட்டார்.

அச்சமும் கொடூரமும்

அவர் மறைந்தபின், 1826இல், இரண்டு எழுத்துக்கள் வெளிவந்தன. ஒன்று, ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு மேல் அவர் பெட்டியில் உறங்கிய 'காஸ்டன் டி புளொண்டவில்' என்னும் நாவல். அதிலே முதன்முறையாக உண்மையான ஆவி ஒன்று தோன்றுகிறது. கொலையுண்ட வீரனொருவனின் ஆவி, அரசவையிற் கிடைக்காத நீதியைத் தேடி வருகிறது. மற்றொன்று, கவிதையில் இயற்கை கடந்தவை இடம்பெறும் முறையைப் பற்றிய உரையாடல். அதில் அம்மையார் அச்சம் வேறு, கொடூரம் வேறு எனப் பிரிக்கிறார். தெளிவாகத் தெரியாத ஒன்றன்முன் நிற்கும் உள்ளம் விரிந்து, தன் ஆற்றல்களையெல்லாம் விழிக்கச் செய்கிறது, அஃது அச்சம். கண்முன்னே வெட்டவெளிச்சமாக வைக்கப்பட்ட கோரத்தின்முன் உள்ளம் சுருங்கி உறைகிறது, அது கொடூரம். முன்னதே கலைக்கு உரியது என்பது அவர் முடிபு.

தமிழ் மாணவருக்கு இப்பிரிவு புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தை ஒன்றாகவும் இளிவரலை வேறொன்றாகவும் வைத்தார். அச்சம் பிறக்கும் நிலைக்களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறினார். அணங்கெனத் தோன்றும் நிழல்கள், மலைவழிக் கள்வர், தன் ஆணைக்குள் எல்லாரையும் அடக்கும் கோட்டைத் தலைவன் என உடோல்போவிலே மூன்றினையாவது நாம் தெளிவாகக் காணலாம். காலத்தாலும் தேயத்தாலும் பிரிந்த இருவர் ஒரே உணர்ச்சியை ஆராய்ந்து அண்மையான முடிவுகளுக்கு வந்துள்ளனர்.

நூல்களைப் பரிந்துரைக்கையில் நான் கைக்கொள்ளும் அளவுகோல் இதுவே. ஒரு கதை வாசகரின் உள்ளத்தை விரிக்கிறதா, சுருக்குகிறதா? 1796இல் மத்தியூ லூயிஸ் எழுதிய 'துறவி' பிணத்தையும் பிசாசையும் மறைவின்றிக் காட்டிற்று. அதற்கு விடையெனக் கருதத்தக்க 'இத்தாலியன்' நூலிலே, உறங்கும் பெண்ணைக் கொல்லக் கத்தியுடன் வந்த ஷெடோனி என்னும் துறவி, அவள் கழுத்தணியிலுள்ள சிற்றோவியத்திலே தன் முகத்தையே கண்டு நடுங்குகிறான். ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. ஆயினும் படிப்போர் மூச்சடங்கி நிற்பர்.

இவ்விரு வழிகளும் இன்றுவரை தொடர்கின்றன. சார்லொட் புரொண்டேயின் 'ஜேன் அயர்' (1847), டாவ்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' (1938), விக்டோரியா ஹோல்ட்டின் 'மெலின் மாளிகைத் தலைவி' (1960) முதலியன றாட்கிளிவ் வழிவந்தவை. பெரிய வீடு, பேசாத ஆடவன், மூடிய அறை, இறுதியில் மனிதக் காரணம். ஆவியும் இரத்தக் காட்டேரியும் காதலராகவே உலவும் இக்காலக் கதைகளோ வல்போலும் லூயிசும் திறந்த கதவின் வழியே வந்தவை. எவ்வகையாயினும் அளவுகோல் ஒன்றே. இத்தகைய கதைகளைத் தீண்டுவதே இழுக்கென எண்ணுவோர், தனித்தமிழ் கண்ட மறைமலை அடிகளே மர்மக் கதை மன்னராகிய ரெயினால்ட்ஸின் நூலொன்றைத் தழுவிக் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை எழுதினார் என்பதை நினைவுகூர்வாராக.

றாட்கிளிவ் அம்மையாரைப் புதிதாகப் படிக்க விரும்புவோர் 'வனத்துக் காதற்கதை'யில் தொடங்குதல் நன்று, அடுத்து 'இத்தாலியன்', அதன்பின், நீண்ட வருணனைகளைப் பொறுக்கும் பழக்கம் வந்ததும், 'உடோல்போ'. இறுதியில் 'நோர்தாங்கர் அபி'யைப் படித்து மனமாரச் சிரிக்கட்டும். அஞ்சத் தெரிந்தவருக்கே அந்நகையின் முழுச் சுவையும் புலப்படும். ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: பாடப் புத்தகத்தின் அடியில் ஒரு மாணவி மறைத்து வைத்திருக்கும் கதை நூலைக் கண்டால் அதனைப் பறிக்க வேண்டாம். அதன் பெயரைக் கேளுங்கள். அடுத்துப் படிக்க அதனினும் சிறந்த ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள்.